வெள்ளையாக விடப்பட்ட இடம்

1909ஆம் ஆண்டு வெளியான இம்பீரியல் கெசட்டியர் நிலப்படத் தொகுப்பில் சென்னை நகருக்கென்று தனியே ஒரு படம் இருக்கிறது. நான் குடியிருக்கும் ராஜா அண்ணாமலைபுரம் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அண்ணாமலைச் செட்டியாருக்கு ‘ராஜா’ பட்டம் கிடைத்ததே 1929இல்தான். அதற்கு முந்தைய எந்தப் படத்திலும் இந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை. மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாற்றின் வடகரையில், தோட்ட பங்களாக்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே கிடந்த நிலம் இது. அதன் கடலோரப் பக்கத்தில் ஆறு கிளைத்து, வளைந்து, குயிபிள் தீவு என்ற மேட்டைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனது. இன்று அந்தத் தீவின் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு கல்லறைத் தோட்டம். அங்கே இறங்கி நிற்பவர்களில் எத்தனை பேருக்கு நாம் ஒரு தீவில் நிற்கிறோம் என்று தெரியும்?

நான் நில அளவைத் துறையில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புலப்படங்களையும் கிராம வரைபடங்களையும் டிரேசிங் துணியில் படியெடுத்தே கண் பழகியது. நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவுத் தலைமை வரைவாளர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று இன்றுவரை கூடவே வருகிறது: “கோட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி, வெள்ளையா விட்ட இடத்தைப் பாரு தம்பி. அதை ஏன் விட்டான்னு கேளு.” சென்னையின் பழைய படங்களை நான் படிப்பது அந்தக் கேள்வியை வைத்துத்தான். எல்லாப் படமும் யாரோ ஒருவரின் தேவைக்காக வரையப்பட்டது. அவருக்குத் தேவைப்பட்டது கோடாகிறது. தேவைப்படாதது வெள்ளையாக நிற்கிறது. பிற்பாடு வருகிறவர்கள் அந்த வெள்ளையைக் காலி மனை என்று படித்துவிடுகிறார்கள். இந்த நகரத்தின் பாதி வரலாறு இதற்குள் அடங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்களால் ஆன படம்

நம் பகுதியை முதலில் படத்தில் ஏற்றியவர் இங்கே காலடி வைத்தவர் அல்லர். எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கி.பி. 150ஐ ஒட்டி வாழ்ந்த தாலமி, ஏறத்தாழ 8,000 இடங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்து வைத்தார். அவருடைய நூலின் சாரம் அந்தப் பட்டியல்தான். இன்று நாம் பார்க்கும் தாலமி படங்கள், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியத் துறவிகளும் பின்னால் ஐரோப்பிய அச்சகத்தாரும் அந்த எண்களைக் கொண்டு வரைந்தவை. அந்தப் பட்டியலில் சோழ மண்டலக் கரையில் ‘மலியார்பா’ என்று ஒரு வணிகத் துறை வருகிறது. அதை மயிலாப்பூர் என்று அடையாளம் காண்கிறார்கள் ஆய்வாளர்கள். ‘கபேரிஸ்’ காவிரிப்பூம்பட்டினம், ‘பொடுகே’ அரிக்கமேடு, ‘மொதூரா’ மதுரை, ‘ஒர்தூரா’ உறையூர்.

எண்களை வைத்துப் படத்தை வரைந்து பார்த்தால் இந்தியாவுக்குக் கூர்முனையே கிடையாது. தென்கரை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் படுத்துக் கிடக்கிறது. இலங்கையோ பல மடங்கு பெருத்து இந்தியாவுக்குப் போட்டியாக நிற்கிறது. கருவி கொண்டு அளக்க வழியில்லாத கடற்கரையை, வணிகர்கள் சொன்ன பயண நாட்களைத் தூரமாக மாற்றிக் கணக்கிட்டதன் விளைவு இது. பூமியின் சுற்றளவையும் அவர் உள்ளதைவிடச் சிறிதாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் துறைமுகங்களை விடாமல் அடுக்கியிருக்கிறார். வடிவம் பிசகினாலும் கடைத்தெரு பிசகவில்லை. மிளகும் முத்தும் துணியும் எங்கே கிடைக்கும் என்பதுதானே கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது?

பாயிட்டிங்கர் படம் என்று ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ரோமானியச் சாலைப்படம் ஒன்றின் இடைக்காலப் பிரதி. நீளம் ஏறத்தாழ 6.75 மீட்டர், அகலம் 34 சென்டிமீட்டர்தான். உலகத்தையே ஒரு நாடாவாக நசுக்கி, சாலைகளையும் தங்கல்களையும் மட்டும் காட்டுகிறது. அதன் கிழக்கு ஓரத்தில், சங்கப் புலவர்கள் பாடிய சேரர் துறையான முசிறி இருக்கிறது. பக்கத்திலேயே அகஸ்டசுக்கு ஒரு கோயில் என்று குறித்திருக்கிறார்கள். ரோமிலிருந்து வந்தவர்கள் தங்கி வழிபடும் அளவுக்கு அங்கே வேர் பிடித்திருந்தார்கள் என்பதற்கு அந்தச் சின்னக் கட்டடக் குறி ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1375ஐச் சேர்ந்த கத்தலான் நிலப்படத்தில் நம் கரை மறுபடி தலைகாட்டுகிறது. மயோர்க்கா தீவில் வரையப்பட்டு, இப்போது பாரீசில் இருக்கும் அந்தப் படத்துக்குத் தோமையாரின் உடல் இங்கே கிடக்கிறது என்பதுதான் முக்கியம். வணிகரின் கண்ணுக்குச் சந்தையாகப் பட்ட இடம் யாத்திரிகரின் கண்ணுக்குச் சமாதியாகப் பட்டிருக்கிறது.

நம்மவர்கள் உலகத்தை வரைந்ததே இல்லையா என்று கேட்பவர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் பூகோளச் சக்கர, ககோளச் சக்கர ஓவியங்களைப் பார்க்க வேண்டும். நடுவில் மேரு, அதைச் சுற்றி நாவலந்தீவு, அதைச் சுற்றி வளையம் வளையமாக உப்புக்கடல், கருப்பஞ்சாற்றுக் கடல், பாற்கடல் என்று விரியும் புராண உலகம். அதை வைத்துக்கொண்டு ராமேசுவரத்துக்கு வழி தேட முடியாது. மனிதன் அண்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று சொல்வது அதன் வேலை. அந்த வேலையை அது நிறைவாகச் செய்கிறது.

மதிலுக்கு உள்ளே, மதிலுக்கு வெளியே

துப்பாக்கியோடு வந்தவர்கள் வரைந்த படங்கள் வேறு மாதிரி. 1635இல் அந்தோனியோ பொக்காரோ எழுதி, பெத்ரோ பார்ரெட்டோ தெ ரெசெந்தே படங்கள் வரைந்த போர்த்துக்கீசியக் கோட்டைகள் நூலில் சாந்தோம் ஒரு மதில் சூழ்ந்த நகரமாக நிற்கிறது. சென்னையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட் (1698–1709) அளக்கச் சொல்லி, பின்னாளில் லண்டனில் ஹெர்மன் மோல் அச்சிட்ட படத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் தெருக்களும் கறுப்பர் நகரத்தின் தெருக்களும் தோட்டங்களும் துல்லியமாக இருக்கின்றன. 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டையை இழந்து 1749இல் திரும்பப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1755இல் கொன்ராடி என்பவரைக் கொண்டு மதராஸ்பட்டினத்தின் எல்லைகளையும் சேர்த்து வரையவைத்தது. ஒருமுறை பறிகொடுத்தவர்களுக்கு எல்லை எது என்பது உயிர்க் கேள்வியாகிவிட்டது.

இந்தக் காலப் படங்கள் சிலவற்றில் வடக்கு மேலே இருப்பதில்லை. மேற்கு மேலே, கடல் கீழே. கப்பலில் வருகிறவன் கரையைப் பார்க்கும் பார்வை அது. அப்படியொரு படத்தைக் கையில் எடுத்தால் சென்னை தலைகீழானது போல் முதலில் தடுமாற்றம் வரும். சற்று நேரத்தில் புரியும்: இந்த நகரத்தை அன்று எல்லோரும் வாசல் வழியாகத்தான் பார்த்தார்கள், வாசல் கடலாக இருந்தது. அந்தப் பார்வைக்குப் பின்கட்டில் இருந்த ஏரியும் வயலும் தூரத்துப் பசுமை, அவ்வளவுதான்.

ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை

அந்தப் பின்கட்டைக் கணக்கெடுக்கும் தேவை விரைவிலேயே வந்தது. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வரி வாங்க வேண்டுமானால் ஊர் தெரிய வேண்டும். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊருக்கு எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, உப்பளம் எவ்வளவு என்று ஊர் ஊராகக் கணக்கு. அதற்கு அடிப்படையாக ஊர்க் கணக்கப்பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொடுத்த ஓலைகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னையில் இயங்கும் கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜே.கே. பஜாஜும் எம்.டி. சீனிவாசும் அந்த ஓலைகளை வைத்து நீண்ட காலம் உழைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பொறியாளரின் பெயரில் வழங்கும் அளவைக்குக் கீழே நம் ஊர்க் கணக்கர்களின் எழுத்தாணி ஓடியிருக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

பழைய படத்தில் ஏரியை எப்படிப் படிப்பது என்று நான் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பள்ளமான கிழக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டிப் பிறை போல் கரை கட்டி, வருகிற நீரைத் தேக்கினார்கள். படத்தில் அந்தக் கரை அழுத்தமான கோடு. சரிவைக் காட்ட அதன் ஓரத்தில் சிறு சிறு கீறல்கள் இருக்கும். மேற்குப் பக்கமோ நடுங்கும் கோடு, சில படங்களில் வெறும் புள்ளிகள். மழை நிறைந்த ஆண்டில் நீர் அங்கே உள்ளே போகும், வறண்ட ஆண்டில் பின்வாங்கும். அழுத்தக் கோட்டில் இரண்டு மூன்று இடத்தில் சின்ன இடைவெளி விட்டிருந்தால் மதகு. ஓரத்தில் ஒன்று விட்டிருந்தால் கலங்கல், மிகுநீர் வழியும் இடம். கலங்கலிலிருந்து ஒரு மெல்லிய கோடு புறப்பட்டு அடுத்த ஏரிக்குப் போகும். கரைக்குக் கிழக்கே ஆயக்கட்டு வயல்கள். நீருக்கு வண்ணம் ஏற்றும்போது விளிம்பில் நீலத்தை அடர்த்தியாக வைத்து, ஈரத் தூரிகையால் உட்பக்கம் இழுத்து வெளிறவிடுவோம். நூறு வருடப் பழைய தாளில்கூட அந்த விளிம்பு நீலம் மங்காமல் நிற்கும்.

இந்தக் கண்ணோடு 1909 படத்தில் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே பாருங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பு ‘லாங் டேங்க்’. 1893ஐ ஒட்டி மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அங்கே படகுப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டில் மாம்பலம் திட்டத்துக்காக ஏரி வடிக்கப்பட்டது. பி. தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்து நீர்ப்பரப்பில் 1925இல் லயோலா கல்லூரி, 1976இல் வள்ளுவர் கோட்டம். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டிலிருந்து இன்று தெரிவது எதிர்வீடு. நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் ரோடு ஒரு காலத்து ஏரிக்கரை.

பெருகிய நகரத்துக்கு வீடு தேவைப்பட்டது உண்மை. வயல் போன பிறகு ஏரிக்கு என்ன வேலை என்று அன்று நினைத்தவர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏரி இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. வயலுக்கு நீர் கொடுத்தது ஒன்று, மேற்கிலிருந்து சரிந்து வரும் மழைநீரைத் தாங்கியது இன்னொன்று. முதல் வேலை முடிந்ததைப் பார்த்தவர்கள் இரண்டாவதை மறந்தார்கள். 2021 நவம்பரில் தி.நகரின் பெரிய சாலைகள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றபோது எல்லோரும் வடிகாலைக் குறை சொன்னார்கள். நான் அந்த 1909 படத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் நின்ற இடம் பழைய நீலத்துக்குள்தான் இருந்தது.

முக்கோணங்கள் மட்டும்

சென்னையில் பிறந்த படங்களிலேயே மிக விசித்திரமானது ஊரோ ஆறோ முக்கியமில்லாத ஒரு படம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் எழுந்தது. மைக்கேல் டாப்பிங் அதற்குக் காரணமானவர். 1794இல் அவர் தொடங்கிய அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் கிண்டிப் பொறியியல் கல்லூரி. அந்த ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் தமிழ் எழுத்தோடு நிற்கிறது. இந்தக் கூடத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு, 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல். கையில் நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் வெப்பத்தைக் குறித்துக் குறித்துக் கணக்கைத் திருத்த வேண்டும். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு தீபகற்பம் முழுவதும் போனார்.

அவருடைய படங்களில் முக்கோணங்கள்தான் படம். மலை உச்சி, கோபுர உச்சி, கோட்டைக் கொத்தளம், இவற்றை இணைக்கும் கோடுகள். நடுவே எல்லாம் வெள்ளை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோண அளவுக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து அவர் கையாலேயே அதைச் சரிசெய்தார். சோழன் எழுப்பிய உச்சி நில அளவைக்கு ஓர் அளவுக் கல்லாகப் பயன்பட்டது. அந்த முக்கோணங்கள் என்ன சொல்லின? சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே அதுவரை படங்கள் காட்டிய தூரத்தில் சுமார் 40 மைல் இல்லவே இல்லை என்று சொல்லின. வெறுமையான படம் சில சமயம் நிறைந்த படத்தைவிட உண்மையானது. தனக்குத் தெரிந்ததை மட்டும் அது சொல்கிறது.

நேர்கோட்டுக்குப் பின்னால்

எங்கள் பகுதிப் படத்தில் இயற்கைக்கு மாறாக ஒரே ஒரு நேர்கோடு தெற்கு வடக்காக ஓடும். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய் அது. கடலோரமாகப் படகு விட வடக்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்வாய் வெட்டிவிட்டார்கள். இந்த இணைப்பு வெட்டப்பட்டது 1877–78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது. பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டியது. ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்களின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. கிரீன்வேஸ் ரோடு பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி நின்று கீழே பார்த்தால் அந்தக் கோடு தெரியும். ரயில்பாதையின் தூண்களே கால்வாயில்தான் ஊன்றி நிற்கின்றன. அடுத்த முறை அங்கே நிற்கும்போது, பசித்தவர்கள் வெட்டிய வழி இது என்று நினைத்துப் பாருங்கள். கறுத்துப்போன தண்ணீர் மேல் வேறு மரியாதை வரும்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே

இனி நான் குடியிருக்கும் இடத்துக்கு வருகிறேன். வரைவாளனுக்கு மிகவும் சிரமமான இடம் கழிமுகம். வயலுக்கு வரப்பு உண்டு, தெருவுக்கு ஓரம் உண்டு. ஆறும் கடலும் சேரும் இடத்தில் ஓரம் எது? அடையாற்றின் முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல் ஏறும் வேளையில் உப்புநீர் உள்ளே வந்து சேற்று மேடுகளை மூடும். கடல் வற்றும் வேளையில் அதே சேறு வெளியே தெரியும், நாரைகளும் உள்ளான்களும் இறங்கி மேயும். நாளுக்கு இருமுறை இது நடக்கும். மணல் திட்டு வாயை அடைத்துவிட்டால் கதையே மாறும். இத்தனையும் மாறும் இடத்தில் வரைவாளன் ஒரே ஒரு கோடு போட்டாக வேண்டும்.

நில அளவைக்காரன் நீர் ஏறி நிற்கும் உயர் ஓத மட்டத்தில் கோடு போடுகிறான், அதற்கு மேல்தான் அவனுக்கு நிலம். கடற்படக்காரன் ஆழத்தை நீர் வற்றிய மட்டத்திலிருந்து அளக்கிறான், கப்பல் தரை தட்டக்கூடாது என்பது அவன் கவலை. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கும் சேறு இரண்டு பேருக்கும் வேண்டாதது. நிலப்படத்தில் அது நிலம் இல்லை, கடற்படத்தில் அது கடல் இல்லை. வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. பட்டா இல்லை, தீர்வை இல்லை, சாகுபடி இல்லை. ஆனால் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்தச் சேற்றில்தான். மேற்கே பெய்த மழையெல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது விரிந்து இடம் கொடுப்பதும் அந்தச் சேறுதான்.

அடையாறு கழிமுகத்தின் வடக்குக் கிளையை அப்படித்தான் ஆண்டுகணக்கில் கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி மேடாக்கினார்கள். சுற்றிலும் குடியிருப்பும் மண்டபமும் அலுவலகமும் வந்தன. 1990களில் இந்தக் கழிமுகத்தைக் காக்கக் குடிமக்கள் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. கடைசியில் 58 ஏக்கரைத் தோண்டித் தூர்வாரி, அலையாத்தி நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். இந்த நகரத்தில் ஒரு படத்தில் அழிந்த நீலம் மறுபடி தீட்டப்பட்ட அபூர்வ இடம் அது. அந்தப் பூங்காவின் வேலியோரமாக நடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. முடியும் என்பதற்கு அது சாட்சி.

கடற்கரைக் கோடும் அப்படியே நிற்பதில்லை. பழைய படங்களில் கடல் கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் அடிக்கிறது. 1870களில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அடுத்தடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரு பக்கத்து அழகு இன்னொரு பக்கத்து மீனவர் வீட்டிலிருந்து எடுத்தது என்பது விளங்கும்.

ஒரு கோட்டின் விலை

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு, கடல் ஏறி இறங்கும் கழிமுகங்களுக்கும் கட்டுப்பாடு. அந்த நாளிலிருந்து, நாங்கள் நிப்பை மசியில் தோய்த்துப் போட்ட கோட்டுக்குக் கோடிக்கணக்கில் விலை வந்துவிட்டது. கோடு கொஞ்சம் கடல் பக்கம் நகர்ந்தால் ஒருவருக்கு அடுக்குமாடி, கரைப் பக்கம் நகர்ந்தால் ஒரு மீனவக் குப்பத்துக்கு மூச்சு.

எண்ணூரில் இது உச்சத்துக்குப் போனது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் அது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மைப் படத்தில் அந்த நீர்ப்பரப்பு காக்கப்பட வேண்டிய பகுதி. 1997 தேதியிட்ட இன்னொரு படத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு காணோம். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற தாள்களைக் கொண்டு 2017இல் மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆறு அங்கேயேதான் இருந்தது. வலை வீசிக்கொண்டுதான் இருந்தார்கள். தாளில் மட்டும் அது வெள்ளையாகிவிட்டது. தாலமி இலங்கையைப் பெருக்கியது அறியாமை. இருக்கும் ஆற்றை இல்லை என்று வரைவதை அப்படிச் சொல்லிக் கடந்துவிட முடியாது. என் தொழிலைச் செய்தவன் எவனும் அதைப் பொறுக்கக் கூடாது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டைக்குள்ளும் கோட்டூர்புரத்துக்குள்ளும் புகுந்தது. செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள் என்று நாடே பேசியது. பேச வேண்டியதுதான். அதோடு பேச வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆறு விரிவதற்கு என்று பழைய படங்கள் விட்டுவைத்த வெள்ளை இடங்களில் நாம் என்னென்ன கட்டியிருக்கிறோம் என்ற பட்டியல் அது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது அரசுக்கு. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் நில அளவை அலுவலகங்களிலும் கிடக்கும் பழைய நகரப் படங்களையும் கிராமப் படங்களையும் படியெடுத்து, வார்டு வாரியாக, கட்டணமில்லாமல் இணையத்தில் போடுங்கள். ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளிச் சுவரிலும் அந்தப் பகுதியின் பழைய படம் ஒன்று மாட்டப்பட வேண்டும். பிள்ளைகள் தம் தெரு எந்த ஏரியில், எந்த வாய்க்காலில் நிற்கிறது என்று தெரிந்து வளரட்டும்.

இரண்டாவது உங்களுக்கு. வீடு வாங்கும்போது முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறோம், வக்கீலிடம் மூலப்பத்திரம் காட்டுகிறோம், பட்டாவைச் சரிபார்க்கிறோம். அதே வேலையோடு வேலையாக அந்த மனையின் நூறு வருடப் பழைய படத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அதில் உங்கள் மனை நீலமாக இருந்தாலோ, ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக இருந்தாலோ, முன்பணம் கொடுப்பதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.